நிலைக்கோப்புகளைப் பேணும் நெறி

ஆண்டு மலர், பரிசளிப்பு விழா அறிக்கை, விளையாட்டுக் குழுவின் நிழற்படம், நாடக அரங்கேற்றத்தின் ஒலிப்பதிவு ஆகியனவே ஒரு கல்லூரி தன் பழைய நாட்களை நினைவுகூர்தற்குத் துணையாவன. இவற்றைப் படியெடுத்து இணையத்தில் ஏற்றுதல் வேண்டும் என்னும் எண்ணம் இன்று பழைய மாணவர் சங்கங்கள் பலவற்றிடத்தும் எழுந்துள்ளது. எண்ணம் நன்று. ஆயின், படியெடுத்த பல்லாயிரங் கோப்புகளை எங்கே வைப்பது, எவ்வாறு வழங்குவது, எத்தனை காலத்துக்கு யாவர் பேணுவது என்னும் வினாக்கள் பெரும்பாலும் வேலை முடிந்த பின்னரே கேட்கப்படுகின்றன. முதலிற் கேட்கவேண்டியவை அவையே. ஆதலின், மாணவர்க்கும் சங்கப் பணியில் ஈடுபட்டோர்க்கும் பயன்படுமாறு இப்பொருளை ஒழுங்காக ஆராய்வாம்.

நிலைக்கோப்பு யாது?

இணையப் பக்கமொன்றைத் திறக்குங்கால் எம் கண்முன் வருவனவற்றை இருவகையாகப் பகுக்கலாம். மாணவனொருவன் தன் சுட்டெண்ணைக் கொடுத்துப் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்பானாயின், வழங்கி எனப்படும் கணினி தரவுத்தளத்தைத் தேடி, அவனுக்கென்றே ஒரு பக்கத்தை ஆக்கித் தரும். அடுத்து வருபவனுக்கு வேறு பக்கம் ஆக்கப்படும். இஃது இயங்குவகை. அப்பக்கத்தின் தலைப்பில் விளங்கும் இலச்சினையோ யாவர் கேட்பினும் ஒன்றே; நேற்றுக் கேட்பினும் இன்று கேட்பினும் ஒன்றே. இது நிலைவகை. படங்கள், எழுத்துருக்கள், பக்க அலங்காரக் கோப்புகள், ஒலி ஒளிப் பதிவுகள், பீ.டி.எப். வடிவிலமைந்த மலர்கள் ஆகியன இவ்வகையுள் அடங்கும்.

பந்தியில் அமர்ந்தோர்க்கு அவரவர் பசியறிந்து இலையிற் பரிமாறுதல் ஒன்று. வெயிலில் நடந்து வருவோர்க்குத் தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்த்தல் மற்றொன்று. முன்னதற்கு அடுக்களை அருகில் இருத்தல் வேண்டும். பின்னதனைத் தெருவெங்கும் வைக்கலாம். நிலைக்கோப்பின் சிறப்பு முழுவதும் இங்ஙனம் அதன் மாறாமையிலே தங்கியுள்ளது. மாறாதது ஆகையால் அதனைப் பிரதி செய்யலாம். பிரதியை எங்கும் வைக்கலாம். மூலத்தைக் கேளாமலே பிரதியை வழங்கலாம். பிரதி பழுதுற்றதா என ஒப்புநோக்கலாம். கீழே கூறப்படும் முறைகள் யாவும் இவ்வொரு பண்பிலிருந்து பிறந்தவை என்பதை மாணவர் மனத்திற் கொள்வாராக.

செயலியோடு சேர்த்து வைத்தலாகாமை

முகிற் கணிமை என்பது பிறர் நடத்தும் பெரிய தரவு நிலையங்களிலுள்ள கணினிகளை வேண்டியபோது வேண்டியவளவு வாடகைக்குப் பெறும் முறையாகும். அங்கே ஓடும் செயலிக்கு நிலையான வீடு கிடையாது. வருவோர் தொகை பெருகினால் அச்செயலியின் படிகள் பத்தாகும், குறைந்தால் ஒன்றாகும். முதலாம் கணினியின் வன்றட்டில் ஒருவர் ஏற்றிய நிழற்படம் இரண்டாம் கணினியில் இராது. முதலாவது நிறுத்தப்பட்டால் படமும் அதனோடு மறையலாம். ஹெரொக்கு என்னும் முகிற் சேவையில் செயலி மறுதொடக்கம் பெறுந்தோறும் அதன் உள்வட்டில் எழுதப்பட்டவை கழிக்கப்படும். அம்மறுதொடக்கமோ நாளுக்கு ஒருமுறையேனும் நிகழும். இது குறைபாடன்று, அச்சேவையின் அமைப்பு அத்தகையது. அறியாது படங்களை அங்கே சேமிப்பவர் மறுநாள் அவற்றைக் காணார்.

2008 ஏப்ரலில் அறிமுகமான கூகிள் அப் எஞ்சின் வேறொரு வகையில் இப்பாடத்தைக் கற்பித்தது. தொடக்க காலத்தில் ஒரு செயலியோடு 1,000 கோப்புகளுக்கு மேல் அனுப்ப இயலாதிருந்தது. அவ்வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டதாயினும், அந்நாளில் நிரலர் பலர் சிறு கோப்புகளைச் சிப் எனப்படும் ஒரே பொதியாகக் கட்டியனுப்பி, கேட்கும்போது அதனுள்ளிருந்து எடுத்து வழங்கினர். தனித்தனி ஓலைகளைத் துளையிட்டுக் கயிற்றிற் கோத்துச் சுவடியாக்கிய முன்னோர் அறிவு இதுவே. பலவற்றை ஒன்றாக்கி வைத்தல் என்னும் இவ்வுபாயம் பெரிய அளவிலும் பயன்பட்டமையை அடுத்துக் காண்போம்.

சிறு கோப்புகளின் பெருந் தொல்லை

ஒரு கோப்பு வட்டில் இரு பகுதியாக இருக்கின்றது. ஒன்று அதன் உள்ளடக்கம். மற்றொன்று அதன் அளவு, உரிமை, வட்டில் அது கிடக்கும் இடம் என்பவற்றைக் கூறும் குறிப்பு. இக்குறிப்பினை ஐநோட் என வழங்குவர். லினக்ஸ் முறைமையிற் பெரிதும் பயிலும் எக்ஸ்ற்4 என்னும் கோப்பு முறைமை, வட்டினை ஒழுங்கு செய்யும் வேளையிலேயே இக்குறிப்புகளின் தொகையை வரையறுத்துவிடும். வழக்கமான அமைப்பில் 16,384 பைட்டுக்கு ஒரு குறிப்பு. ஆகவே, ஒரு டெராபைட் வட்டில் ஏறக்குறைய 6 கோடி கோப்புகளே அடங்கும். அவை மிகச் சிறியனவாயின், வட்டிற் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும்போதே 'இடமில்லை' என்னும் விடை வரும். களஞ்சியத்தில் இடமிருந்தும் பதிவேட்டில் வரியில்லாமையால் மூடையைத் திருப்பியனுப்பும் நிலை இது.

இத்தொல்லையைப் பேரளவில் எதிர்கொண்டோர் பேஸ்புக் நிறுவனத்தார். அவர்தம் பொறியியலாளர் ஐவர் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, அக்காலத்தில் அங்கு 6,500 கோடி நிழற்படங்கள் சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றும் நான்கு அளவுகளில் ஆக்கப்பட்டமையால் கோப்புகள் 26,000 கோடி. அவற்றின் நிறை 20 பெற்றாபைட்டுக்கு மேல். ஒரு கோப்புறையில் ஆயிரக்கணக்கான படங்களை வைத்தபோது, ஒரு படத்தை எடுப்பதற்கு வட்டினைப் பத்துத் தடவைக்கு மேல் நாடவேண்டியிருந்தது. கோப்புறைக்கு நூற்றுக்கணக்காகக் குறைத்த பின்னும் மூன்று தடவை நாடவேண்டியிருந்தது. கோப்புறையின் விவரத்துக்கு ஒன்று, ஐநோட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என அவை மூன்றாயின. படத்தைத் தேடும் வேலை படத்தைப் படிக்கும் வேலையினும் மிகுந்து நின்றது.

இதற்கு அவர் கண்ட தீர்வு 'வைக்கோற்போர்' எனப் பொருள்படும் ஹேஸ்ராக் என்னும் அமைப்பு. இலட்சக்கணக்கான படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பெருங்கோப்பிற் சேர்த்து எழுதினர். எந்தப் படம் எந்த இடத்தில் தொடங்குகின்றது, அதன் நீளம் எவ்வளவு என்பவற்றை மட்டும் கணினியின் உள்நினைவில் வைத்தனர். எக்ஸ்.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமையில் ஓர் ஐநோட் நினைவில் 536 பைட் கொள்ள, இங்கே ஒரு படத்துக்குச் சராசரி 10 பைட் போதியதாயிற்று. பட்டியல் முழுவதும் நினைவில் அடங்கியமையால், வட்டினை ஒருமுறை நாடினாற் போதும் என்னும் நிலை வந்தது. எழுதிய படம் திருத்தப்படுவதில்லை. திருத்தம் வேண்டின் புதிய படி இறுதியிற் சேர்க்கப்படும். நீக்கவேண்டின் நீக்கற்குறி இடப்பட்டுப் பின்னொரு காலத்தில் இடம் மீட்கப்படும். மாறாமையை மதித்தமையாலேயே இவ்வெளிமை கைகூடியதென்க.

பொருட்களஞ்சியம்

எம் போன்றோர் இத்தகைய அமைப்பைத் தாமே கட்டவேண்டுவதில்லை. 2006 மார்ச்சில் அமேசன் நிறுவனம் எஸ்3 என்னும் சேவையைத் தொடங்கிற்று. இவ்வகைச் சேவையைப் பொருட்களஞ்சியம் எனலாம். இங்கே ஒவ்வொரு கோப்பும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர். பொருள்களைத் தாங்கும் பெருங்கலத்துக்குப் பக்கெற் என்று பெயர். மேலே கோப்புறைகள் போலத் தோன்றுவன பெயரின் பகுதிகளேயன்றி, உள்ளே உண்மையான கோப்புறைகள் அல்ல. பெயரைச் சொன்னால் பொருள் வரும். ஒன்று வைப்பினும் கோடி வைப்பினும் முறை ஒன்றே. செயலியின் தரவுத்தளத்திற் பெயர் மட்டும் இருக்கும். பொருள் களஞ்சியத்தில் இருக்கும். செயலியின் படிகள் கூடினும் குறையினும் கோப்புக்கு யாதும் நேராது.

அமேசன் தன் களஞ்சியத்தின் நீடிப்புத்தன்மைக்கு இலக்காகக் கூறுவது 99.999999999 சதவீதம். ஒரு கோடிப் பொருள்களை வைத்திருப்பவர் சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒன்றை இழக்கலாம் என அந்நிறுவனமே இதனை விளக்குகின்றது. ஆயினும், இக்கணக்கு வட்டும் கருவியும் பழுதுறுதலைப் பற்றியது. உரியவரே தவறுதலாக அழித்தலும், கட்டணம் செலுத்தாமையாற் கணக்கு மூடப்படுதலும், கடவுச்சொல் அறிந்தவர் ஊரைவிட்டுச் செல்லுதலும் இதனுள் அடங்கா. இவற்றுள் முதலாவதற்கு மருந்துண்டு: அழித்த பொருளின் முந்திய படியை வைத்திருக்கும் பதிப்புக்காப்பு என்னும் வசதியைத் தொடக்கத்திலேயே இயக்கி வைத்தல் வேண்டும். ஏனையவற்றுக்கு மருந்து சங்கத்தின் ஒழுங்கிலேயே உண்டு.

மேலும், பொதுமக்கள் காணத்தக்கவை, உரியவர் மாத்திரம் காணத்தக்கவை என இருவகைக் கோப்புகளை ஒரே கலத்தில் இடுதல் ஆகாது. மலரின் பக்கம் உலகுக்குரியது. மாணவரின் தேர்ச்சி அறிக்கை உலகுக்குரியதன்று. பின்னதனைப் பூட்டிய கலத்தில் வைத்து, சிறிது நேரமே செல்லுபடியாகும் ஒப்பமிட்ட இணைப்பின் வழியாக உரியவர்க்கு மட்டும் வழங்குதல் முறையாகும்.

தண்ணீர்ப் பந்தல்கள்

தேர்த் திருவிழாவில் ஒரே கிணற்றடியில் ஊர் முழுவதும் கூடுமாயின் நெரிசலே மிஞ்சும். வீதிதோறும் பந்தலிட்டு நீரை முன்னரே நிரப்பி வைப்பார் கிணற்றடிக்கு ஒருவரையும் வரவிடார். உள்ளடக்க விநியோக வலையமைப்பு என்பது இதுவே. மூலக்களஞ்சியம் சிங்கப்பூரில் இருப்பினும், இலண்டனில் வாழும் பழைய மாணவர் கேட்கும் படத்தின் பிரதி இலண்டனிலுள்ள வழங்கியில் ஒருமுறை வந்து தங்கிவிடும். அடுத்தவர் கேட்கும்போது அங்கிருந்தே கிடைக்கும். இத்தொழிலை வளர்த்த ஆக்கமை நிறுவனம் 1998இல் மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்து ஆய்வுகளின் வழித் தோன்றியது.

அவ்வாய்வுகளுள் ஒன்று கணிதம் பயிலும் மாணவர்க்கு இன்பம் தருவது. கோப்புகளைப் பத்து வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்க எண்ணுகின்றோம். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் கொடுத்து, அதனைப் பத்தால் வகுத்து வரும் மிச்சத்தை வழங்கியின் எண்ணாகக் கொள்வோம். பதினோராவது வழங்கி வந்தவுடன் பதினொன்றால் வகுத்தல் வேண்டும். அப்போது பதினொரு கோப்பில் பத்துக் கோப்புகளின் இடம் மாறிவிடும். 1997இல் டேவிட் கார்கர், ரொம் லெய்ற்றன், டானியல் லெவின் முதலியோர் வெளியிட்ட முறையில், கோப்புகளும் வழங்கிகளும் ஒரு வட்டத்தின் மேற் புள்ளிகளாகக் குறிக்கப்படுகின்றன. கோப்பிலிருந்து வலமாகச் செல்ல முதலில் எதிர்ப்படும் வழங்கியே அதற்குரியது. புதிய வழங்கி வந்தால் அதற்கு முன்னுள்ள வில்லிற் கிடக்கும் கோப்புகள் மட்டுமே இடம்பெயரும். அவை சராசரியாகப் பதினொன்றில் ஒரு பங்கே. முன்னைய முறையில் பத்துப் பங்கு பெயர, இம்முறையிற் பத்துப் பங்கு பெயராது நிற்கின்றது.

பெயரிடும் முறை

பிரதிகள் பலவிடத்துத் தங்கும்போது ஓர் இடர் தோன்றும். 'இலச்சினை' என்னும் பெயரில் ஒரு படத்தை ஏற்றிவிட்டுப் பின்னர் அதே பெயரில் வேறு படத்தை வைத்தால், பந்தல்களிலும் மக்களின் உலாவிகளிலும் பழைய படமே தங்கியிருக்கும். ஒருவர்க்குப் பழையதும் மற்றொருவர்க்குப் புதியதும் தோன்றும். இதற்குப் பரிகாரம், பெயரிலேயே உள்ளடக்கத்தின் கைரேகையைச் சேர்த்தலாகும். ஷா-256 போன்ற கணித முறையால் ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து குறுகிய அடையாளத் தொடரொன்றைப் பெறலாம். உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினும் அத்தொடர் வேறாகும். ஆகவே, புதிய படத்துக்குப் பெயரும் புதிதாகும். பழைய பெயர் பழைய படத்தையே என்றும் குறிக்கும்.

இவ்வாறு பெயரிட்ட கோப்புக்கு, '31,536,000 செக்கன்களுக்குத் திரும்பக் கேட்கவேண்டா' என்னும் கட்டளையை வழங்கி உலாவிக்குக் கூறலாம். அஃது ஓராண்டுக் காலம். 'இது மாறாதது' என்று வெளிப்படையாகவே அறிவிக்கும் குறிப்பும் 2017 முதல் இணைய நியமங்களில் இடம்பெற்றுள்ளது. இதனால் வழங்கியின் சுமை குறையும். தொலைபேசியில் தரவுக்குக் காசு கொடுத்துப் படிக்கும் மாணவனின் செலவும் குறையும்.

முகவரியின் முற்பகுதியும் கருதத்தக்கது. யாகூ நிறுவனம் நடத்திய ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளத்தில் எண்ணற்றோர் தம் பக்கங்களை வைத்திருந்தனர். 2009 ஒக்ரோபரில் அது மூடப்பட்டது. ஆர்வலர் சிலர் விரைந்து படியெடுத்தவை எஞ்சின, முகவரிகளோ இறந்தன. ஆதலின், சங்கம் தனக்கெனப் பதிவு செய்த முகவரியின் கீழேயே கோப்புகளை வழங்குதல் வேண்டும். அப்போது களஞ்சியத்தை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினும் நூலிலும் கட்டுரையிலும் அச்சான முகவரி பொய்க்காது.

பிரதியும் காவலும்

2017 பெப்ரவரி 28ஆம் நாள், அமேசனின் வட வேர்ஜீனியா நிலையத்தில் எஸ்3 சேவை பல மணிநேரம் தடைப்பட்டது. பணியாளர் ஒருவர் கட்டளையொன்றைப் பிழையாக உள்ளிட்டமையால், எண்ணியதிலும் மிகுதியான வழங்கிகள் நீக்கப்பட்டமையே காரணம் என அந்நிறுவனம் அறிவித்தது. அவ்வேளையில் எண்ணற்ற தளங்களிற் படங்கள் தோன்றவில்லை. சேவை தடைப்பட்டதென்று அறிவிக்கும் அமேசனின் சொந்தப் பலகையும் எஸ்3ஐச் சார்ந்திருந்தமையால், அதனையும் உடனே புதுப்பிக்க இயலவில்லை. எல்லாம் ஒன்றையே சார்ந்து நிற்றலின் தீங்கு இதனால் விளங்கும்.

இது தடையாக மட்டும் கழிந்தது, இழப்பு நேரவில்லை. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சிலுள்ள ஸ்ராஸ்பூர்க் நகரில் நிகழ்ந்தது வேறு. ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடமொன்று தீயில் முற்றாக அழிந்தது. காப்புப் பிரதி எடுத்திருந்தும் அதனை அதே கட்டடத்தில் வைத்திருந்தோர் மூலத்தையும் பிரதியையும் ஒருங்கே இழந்தனர். முகில் என்னும் பெயர் கேட்டு அது வானத்தில் இருப்பதாக மயங்கலாகாது. அதுவும் ஒரு தெருவில், ஒரு கூரையின் கீழ் இருக்கின்றது.

ஒரு கூரையின் கீழ் ஒரே பிரதி என்பதன் பொருளை எமக்கு எவரும் கற்பிக்கவேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு மே முடிந்து யூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சிற் பலபடி வெளிவந்த நூல்களை மீண்டும் தேடிப் பெற வழியிருந்தது. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகள் மீளவில்லை. இரண்டுக்குமிடையே இருந்த வேறுபாடு பிரதியின் வேறுபாடே.

ஒரு கணக்கு

இனி, இந்நெறிகளை ஒரு கல்லூரியின் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்போம். மலர்கள் 70; மலருக்குப் பக்கம் 120 எனக் கொள்வோம். பக்கங்கள் 8,400. ஒவ்வொரு பக்கத்துக்கும் சுருக்கமின்றி எடுத்த மூலப்படி, திரையிற் படிக்கத்தக்க வாசிப்புப்படி, பட்டியலிற் காட்டுஞ் சிறுபடி என மூன்று வேண்டும். ஆகக் கோப்புகள் 25,200. மூலப்படி 30 மெகாபைட், வாசிப்புப்படி 400 கிலோபைட், சிறுபடி 20 கிலோபைட் எனின், மூலப்படிகள் 252 கிகாபைட். வாசிப்புப்படிகள் ஏறக்குறைய 3.4 கிகாபைட், சிறுபடிகள் 168 மெகாபைட் ஆகும்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டும். உலகுக்கு வழங்கவேண்டியது நான்கு கிகாபைட்டுக்கும் குறைவு, அது பெருஞ்செலவுக்குரியதன்று. பேணவேண்டியதோ அதனினும் எழுபது மடங்கு பெரிது. அதனை இணையத்தில் வழங்கவேண்டுவதில்லை. மூலப்படிகளை இரண்டு வன்றட்டுகளில் எழுதி, வெவ்வேறு ஊர்களில் வைத்து, மூன்றாம் பிரதியைப் பொருட்களஞ்சியத்தில் இடுதல் போதியது. ஒவ்வொரு கோப்பின் கைரேகையும் ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஆண்டுக்கொருமுறை அப்பட்டியலோடு மூன்று பிரதிகளையும் ஒப்புநோக்கி, பழுதுற்றதைப் பழுதுறாததிலிருந்து மீட்டல் வேண்டும். எவரும் திறந்து பாராத பிரதியைப் பிரதியெனக் கொள்ளற்க.

முகவரிப் பதிவும் களஞ்சியக் கணக்கும் தனியொருவர் பெயரில் அன்றிச் சங்கத்தின் பெயரிலே இருக்கட்டும். ஆண்டுக் கட்டணம் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியாக இடம்பெறட்டும். பொறுப்பாளர் மாறும்போது பொருளாளர் கணக்கேட்டை ஒப்படைப்பது போலக் கடவுச்சொற்களும் கைரேகைப் பட்டியலும் எழுத்து மூலம் ஒப்படைக்கப்படட்டும். பிரதிகளைச் சரிபார்க்கும் பணியை உயர்வகுப்பு மாணவரிடம் ஆசிரியர் மேற்பார்வையில் ஒப்படைத்தல் சாலும். அதனால் அவர் கணினியையும் கற்பர், தம் கல்லூரியின் பழைய பக்கங்களையும் புரட்டுவர்.

கோப்பு தானாக மாறுவதில்லை. மாறுவன வட்டும், நிறுவனமும், பொறுப்பாளருமே. மாறுவனவற்றின் கையில் மாறாததை ஒப்படைக்கின்றோம் என்னும் நினைவோடு, பெயரைப் பிழையின்றி இட்டு, இடம் பிரித்துப் பிரதி வைத்து, ஆண்டுதோறும் ஒப்புநோக்கி வருவோமாயின், இன்று முதலாம் வகுப்பிற் சேரும் சிறுவன் பழைய மாணவனாகி இம்மலரைத் தேடும் நாளிலும் அஃது அதே முகவரியில், எழுத்தொன்றும் குன்றாமற் கிடைக்கும்.